பொக்லைன் தெரிந்தவருக்குப் பனி வண்டி எவ்வளவு புதிது?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் கலந்து வந்திருக்கிறது. பொக்லைன், புல்டோசர் என்று செயின் வண்டிகளில் எட்டு வருடம் கை வைத்தவர் நீங்கள். இப்போது பனிச்சறுக்குத் தளம் ஒன்றில் மெக்கானிக் வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. 'செயின் வண்டி எங்கே போனாலும் செயின் வண்டிதானே, போய்ச் சமாளித்துவிடலாமா?' என்பது முதல் கேள்வி. கூடவே, 'பழைய டிராக்டர் என்ஜினை வைத்து நாமே ஒன்று செய்தால் என்ன, அகலமான செயின் போட்டால் போதாதா?' என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் கிடப்பது ஒரே சந்தேகம்தான்: மண்ணில் கற்ற தொழில் பனியில் எவ்வளவு தூரம் செல்லும்? பாதி செல்லும். மீதிப் பாதியில் உங்கள் கைப்பழக்கமே உங்களுக்கு எதிராக வேலை செய்யும். எந்தப் பாதி எது என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் படித்தது வாகனப் பொறியியல். பனி வண்டி தயாரிக்கும் ஆலை ஒன்றில் இரண்டு வருடம் அடிச்சட்டப் பிரிவில் இருந்தேன். அப்புறம் பதினான்கு குளிர்காலம் மலைத்தளப் பணிமனையில். தென்துருவம் போனதில்லை. அந்த ஊர் வண்டிகளைப் பற்றி நான் சொல்வது படித்ததும், அங்கே போய்வந்தவர்களிடம் கேட்டதும். பேட்டரியில் ஓடும் பனி வண்டிகளை ஓட்டிப் பார்த்ததோடு சரி, கழற்றிப் பார்த்ததில்லை. அதனால் அவற்றை இதில் சேர்க்கவில்லை.

முதலில் 'அகலமான செயின்' கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆள், ஒரு பாதம் சுமார் 200 சதுர செ.மீ. என்று வையுங்கள். இரண்டு காலில் நின்றால் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 0.18 கிலோ. நடக்கும்போது எடை முழுவதும் ஒரு காலில் இறங்குவதால் 0.35 கிலோ. புதுப்பனியில் இடுப்பு வரை புதைவது இதனால்தான். இப்போது 20 டன் பொக்லைன்: 60 செ.மீ. அகல ஷூ (செயினில் தரையைத் தொடும் இரும்புத் தகடு), தரையில் படியும் நீளம் 3.6 மீட்டர் என்றால் 0.46 கிலோ வருகிறது. மனிதனைவிட மோசம். பனிச்சறுக்குத் தளத்தைச் சமன்செய்யும் வண்டி (குரூமர் என்பார்கள், இனி அப்படியே சொல்கிறேன்) 10 டன் இருக்கிறது, டிராக் (பனி வண்டியின் செயினுக்கு இந்தப் பெயர்) ஒவ்வொன்றும் அகலம் 1.5 மீட்டர், தரையில் படியும் நீளம் 3.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.1 கிலோவுக்கும் கீழே வந்துவிடுகிறது. பத்து டன் இரும்பு, ஆள் புதைகிற இடத்தில் மிதந்து போகிறது.

அப்படியானால் பொக்லைனுக்கும் செயினை அகலமாக்கினால் போதுமே? அதே 0.1 கிலோவுக்கு வர வேண்டுமானால் ஒவ்வொரு பக்கமும் 2.8 மீட்டர் அகலத்தில் ஷூ வேண்டும். இரும்பில் செய்தால் அந்த ஷூக்களின் எடையே உங்கள் கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் முதலில் குறைக்க வேண்டியது எடை, பிறகுதான் அகலம். இன்னொன்றும் இருக்கிறது. நான் போட்ட கணக்கு வெறும் சராசரி. நிஜத்தில் டிராக் முழுவதும் ஒரே சீராகத் தரையை அழுத்துவதில்லை. தாங்கு சக்கரம் இருக்கிற இடத்தில் அழுத்தம் ஏறும், இரண்டு சக்கரத்துக்கு நடுவில் இறங்கும். சக்கரங்கள் தள்ளித் தள்ளி இருந்தால் காகிதத்தில் 0.1 என்று காட்டும் வண்டி, பனியில் புதைந்து நிற்கும். வண்டிக்கும் தரைக்கும் உள்ள இந்த உறவை ஒரு தனித் துறையாகவே வளர்த்தவர் போலந்தில் பிறந்த பெக்கர் என்ற பொறியாளர். 1971-ல் நிலவில் ஓடிய வண்டியின் வடிவமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. பனி வண்டியில் பெரிய சக்கரங்களை நெருக்கி நெருக்கி வைத்திருப்பதைப் பார்த்தால், அது அழகுக்காக இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

டிராக்கைக் கிட்டத்தில் பார்ப்போம். நீங்கள் பழகிய செயினில் லிங்க் என்ற கண்ணி, கண்ணிகளைக் கோர்க்கும் பின்னும் புஷ்ஷும், அதன் மேல் ஷூ. குரூமரில் லிங்கும் இல்லை, பின்னும் இல்லை. கன்வேயர் பெல்ட் மாதிரி, உள்ளே துணி அடுக்குகள் வைத்த ரப்பர் பட்டைகள் பல, பக்கம் பக்கமாக ஓடும். அவற்றைக் குறுக்கே கட்டிப்போடுவது அலுமினியத்திலோ எஃகிலோ செய்த சட்டங்கள். சட்டம் வெளிப்பக்கம், சிறு தகடு உள்பக்கம், நடுவில் ரப்பர், எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போல்ட். பனியைக் கடிக்கும் விளிம்பில் கடினமான எஃகுப் பல். உள்பக்கம் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வழிகாட்டிகள், சக்கரம் பக்கவாட்டில் நழுவாமல் பார்த்துக்கொள்ளும். பின்பக்கம் டிராக்கை ஓட்டும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட், முன்பக்கம் டிராக்கை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் சக்கரம், நடுவில் காற்றடைத்த அல்லது நுரை நிரப்பிய டயர் சக்கரங்கள். பின், புஷ் ஏன் இல்லை? எடை ஒரு காரணம். இன்னொன்று, மூட்டு என்று ஒன்று இருந்தால் அதில் தண்ணீர் புகும், உறையும், அப்புறம் அந்த மூட்டு மடங்காது. ரப்பருக்கு மடங்குவதற்கு மூட்டு தேவையில்லை.

இந்த அமைப்புக்கு வயது கிட்டத்தட்ட தொண்ணூறு. கனடாவின் கியூபெக்கில் வால்கோர்ட் என்ற சிற்றூரில் மோட்டார் கடை வைத்திருந்த ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியர், பனியில் ஓடும் வண்டிக்காகப் பதினைந்து வயதிலிருந்தே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் குடல்வால் நோயில் இறந்தான். பனி மூடிய பாதையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லை. ரப்பர் உறையிட்ட ஸ்பிராக்கெட், எஃகுக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த ரப்பர் பட்டை என்ற அமைப்புக்கு 1937-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உருக்கத்துக்காக இல்லை. ஸ்பிராக்கெட்டுக்கு ஏன் ரப்பர் உறை? வெறும் இரும்புப் பல்லில் பனி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பனி அடுத்த சுற்றில் நசுங்கிக் கட்டியாகும். கட்டியான இடத்தில் பட்டை பல்லில் உட்காராமல் ஏறிக் குதிக்கும். இன்று பாலியூரித்தேனில் ஸ்பிராக்கெட் வார்ப்பதும், பற்களுக்கு நடுவே பெரிய பெரிய திறப்பு விட்டுப் பனி வெளியே பிதுங்கட்டும் என்று வழி செய்வதும் அதே பிரச்சினைக்குத்தான்.

மண்ணும் சேறும் கூட ஸ்பிராக்கெட்டில் அடைக்கும், எனக்குத் தெரியாதா என்று நினைப்பீர்கள். சேறு காய்ந்தால் உதிரும், தண்ணீர் அடித்தால் போகும். பனி அப்படி இல்லை. வண்டி ஓடும்போது சக்கரமும் பேரிங்கும் கொஞ்சம் சூடாக இருக்கும், ஒட்டிய பனி ஓரத்தில் உருகும். வண்டி நின்றதும் அந்த ஈரம் உறைந்து ஐஸாகும். மறுநாள் அதன் மேல் அடுத்த அடுக்கு. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் சக்கரத்தின் விட்டமே கூடிவிடும். விட்டம் கூடினால் டிராக்கின் இறுக்கம் தானாக ஏறும். என் முதல் குளிர்காலத்தில் இதைக் காசு கொடுத்துக் கற்றேன். மண் வண்டி பழக்கத்தில், சூடான பணிமனைக்குள் வைத்து, டிராக்கை 'நன்றாக' இறுக்கி அனுப்பினேன். இரவு இரண்டு மணிக்கு ஓட்டுநர் ரேடியோவில் கூப்பிட்டார், இடது பக்கம் ஏதோ கத்துகிறது என்று. போய்ப் பார்த்தால் டென்ஷன் சக்கரத்தின் பேரிங் தூளாகி, சீல் வழியாக கிரீஸ் கறுப்பாக வழிந்துகொண்டிருந்தது. சக்கரத்தைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்கு ஐஸ். பேரிங்கைக் கொன்றது ஐஸ் பாதி, நான் பாதி.

அதற்காகத் தொளதொளவென்று விடவும் முடியாது. சரிவில் குறுக்காகப் போகும்போதும், பின்னால் வந்துகொண்டே திரும்பும்போதும் தளர்ந்த டிராக் வழிகாட்டியைத் தாண்டிக் கழன்றுவிடும். நடுராத்திரியில், சாய்ந்த மலையில், 1.5 மீட்டர் அகல டிராக்கைத் திரும்ப ஏற்றுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த அளவு சரி என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள எண்ணிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் அந்த எண்ணை எப்போது அளப்பது என்பதில் என் பழக்கம் ஒன்று உண்டு: பனியைச் சுத்தமாகத் தட்டியெடுத்த பிறகு, வண்டியை வெளியே முன்னே பின்னே சிறிது தூரம் ஓட்டி நிறுத்திவிட்டு அளப்பேன். பணிமனைக்குள் அளந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் முறையாகக் குறித்துவைத்து ஒப்பிட்டதில்லை, அதனால் இதை என் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டென்ஷன் சிலிண்டரில் கிரீஸ் இருந்தால் அதன் வால்வை முழுக்கத் திருகி எடுக்கக் கூடாது என்பது உங்கள் வண்டியிலேயே பழகியதுதான். இங்கேயும் அதே விதி, அழுத்தத்தில் இருக்கும் கிரீஸ் பீறிட்டு அடிக்கும் அதே ஆபத்து.

ரப்பரைப் பற்றித் தயாரிப்புப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் 'நாமே செய்யலாமா' என்ற கேள்வி இங்கேதான் முட்டி நிற்கும். எந்த ரப்பரும் ஒரு வெப்பநிலைக்குக் கீழே கண்ணாடி மாதிரி உடையும். இயற்கை ரப்பருக்கு அது சுமார் மைனஸ் 70 டிகிரி, எஸ்பிஆர் என்ற டயர் ரப்பருக்குச் சுமார் மைனஸ் 50, பாலிபியூட்டாடையீன் என்ற செயற்கை ரப்பருக்கு மைனஸ் 100-ஐ ஒட்டி. இதை மட்டும் பார்த்தால் இயற்கை ரப்பர் தாராளமாகப் போதும் என்று தோன்றும். ஆனால் இயற்கை ரப்பருக்கு ஒரு குணம்: மைனஸ் 25 டிகிரி வாக்கில் பல மணி நேரம், சில நாள் அசையாமல் கிடந்தால் உள்ளே படிகம் கட்டி விறைத்துப்போகும். உடைவதில்லை, சூடானால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் ஒரு வாரம் நிறுத்திவைத்த வண்டியைக் காலையில் எடுத்ததும் வேகமாக ஓட்டினால் அந்த விறைத்த பட்டையைத்தான் மடக்குகிறோம். பட்டைக்குள் இருக்கும் துணி அடுக்கும் ரப்பரும் பிரிய ஆரம்பிப்பது இப்படித்தான். அதனால் இரண்டு மூன்று ரப்பரைக் கலந்து, கார்பன் கறுப்பும் கந்தகமும் சேர்த்து, துணியோடு அடுக்கி, அழுத்தத்தில் 150 டிகிரி வாக்கில் வேகவைத்து எடுக்கிறார்கள். எந்தக் கலவை, எவ்வளவு நேரம் என்பது ஒவ்வொரு ஆலையும் வெளியே விடாத சங்கதி. நான் இருந்த ஆலையிலும் பட்டையை வெளியிலிருந்துதான் வாங்கினோம். வண்டி முழுவதையும் தாங்களே செய்பவர்கள்கூட இதை வாங்குவது வழக்கம் என்றால், வீட்டுப் பின்கட்டில் செய்வதைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள்.

உலோகத்தில் நிலைமை வேறு. சாதாரண எஃகு குளிரில் மெல்ல மெல்ல வளையும் குணத்தை இழக்கும். அறை வெப்பத்தில் வளைந்து எச்சரிக்கும் துண்டு, மைனஸ் 35-ல் சத்தமில்லாமல் முறியும். அதனால் அடிச்சட்டத்துக்கு எஃகு வாங்கும்போது அதன் பலத்தை மட்டும் கேட்டால் போதாது. மைனஸ் 40-ல் அடித்துச் சோதித்த சான்றிதழையும் கேட்க வேண்டும். அலுமினியத்துக்கு இந்த வியாதி கிடையாது, குளிரில் அது உடையும் குணத்துக்கு மாறுவதில்லை. குறுக்குச் சட்டத்துக்கு அலுமினியத்தைப் பிடித்துக்கொள்வதற்கு எடையோடு சேர்த்து இதுவும் ஒரு காரணம். பழுதுபார்ப்பவருக்கு இதிலிருந்து வருவது: வெளியே குளிரில் நின்றபடியே விரிசலுக்கு வெல்டிங் வைக்காதீர்கள். ஈரமும் குளிரும் சேர்ந்த இரும்பில் வைத்த வெல்டிங் அன்று நன்றாகத்தான் தெரியும், இரண்டு நாள் கழித்து அதன் ஓரத்திலேயே புது விரிசல் ஓடும். உள்ளே கொண்டுவந்து, உலர்த்தி, சுற்றிலும் சூடேற்றி, அப்புறம் வையுங்கள். இழுவைக் கொக்கி, சங்கிலி, ஜாக்கி எல்லாவற்றுக்கும் குளிரில் நம்பிக்கை குறைவு. இறுக்கத்தில் இருக்கும் சங்கிலியின் நேர்கோட்டில் நிற்கவே நிற்காதீர்கள்.

என்ஜினும் ஹைட்ராலிக்கும் உங்கள் பாதி. குரூமர்களில் பெரும்பாலும் டீசல் என்ஜின் பம்புகளைச் சுற்றும், பக்கத்துக்கு ஒரு பிஸ்டன் பம்பு, ஒரு மோட்டார், ஒரு பிளானட்டரி கியர். பொக்லைனைப் பிரித்தவருக்கு இதில் புதிது அதிகமில்லை. குளிரில் எண்ணெய் தேன் மாதிரி கெட்டியாக இருக்கும்போது வேகம் கொடுத்தால் பம்புக்குள் எண்ணெய் போதிய அளவு வந்து சேராது, கூழாங்கல்லைக் குலுக்குவது போலச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் ஓட்டுநரோடு சண்டை போட்டாவது வேகத்தைக் குறைக்க வையுங்கள். அப்புறம் பனி பெய்யும்போது எண்ணெய் ஊற்றுவது. நிரப்பும் வாயில் விழும் பனித்துகள் உள்ளே போய்த் தண்ணீராகும், அந்தத் தண்ணீர் பின்னால் வடிகட்டியில் ஐஸாகும். எங்கள் பணிமனையில் ஒரு பெரிய கறுப்புக் குடை இதற்கென்றே தொங்கும். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஒரு மாதத்தில் அவர்களே அதை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

மற்ற திரவங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோடைக்கால டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை அடைக்கும், குளிர்காலத் தரம் அல்லது ஆர்க்டிக் தரம்தான் வேண்டும். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டில், உறையாமல் காக்கும் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி என்றால் சுமார் மைனஸ் 37 வரை உறையாது. 'கிளைக்கால் கூடக் கூட நல்லது' என்று முழுக்கக் கிளைக்காலே ஊற்றியவரை எனக்குத் தெரியும், தனி எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும். அறுபது சதவீதத்தைத் தாண்டாதீர்கள். முழு சார்ஜில் உள்ள பேட்டரி மைனஸ் 50-லும் உறையாது, வெறுமையான பேட்டரி மைனஸ் 10-க்கே உறைந்து வெடிப்பு விடும். ஆகவே வாரக் கணக்கில் நிற்கும் வண்டியின் பேட்டரியைச் சார்ஜில் வையுங்கள், அல்லது கழற்றி உள்ளே வையுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. வண்டியில் பனி மூடியிருக்கிறது, பணிமனை சூடாக இருக்கிறது, உள்ளே விட்டால் உருகிவிடும் என்று கொண்டுவருவார்கள். உருகும். உருகிய தண்ணீர் ஒயர் கனெக்டர், பிரேக், கேபிள் உறை, கதவுப் பூட்டு என்று எல்லா இடத்திலும் புகும். பாதி உலர்ந்ததும் வெளியே எடுத்தால் எல்லாம் ஒரே நேரத்தில் உறையும். ஆக்சிலரேட்டர் கேபிள் அமுக்கிய நிலையிலேயே உறைந்த சின்ன வண்டி ஒன்று எங்கள் வேலியைத் தின்றது இப்படித்தான். உள்ளே கொண்டுவந்தால் முழுக்க உலரும் வரை உள்ளே. இல்லையென்றால் வெளியிலேயே தட்டி, கூட்டி, ஊதிச் சுத்தம் செய்துவிட்டு வெளியிலேயே விடுங்கள். வெந்நீர் அடிக்கவே வேண்டாம்.

மாலையில் வண்டியை நிறுத்துவதற்கும் முறை இருக்கிறது. ஓடிய சூட்டோடு நிறுத்தினால் டிராக்குக்குக் கீழே உள்ள பனி கொஞ்சம் உருகி, இரவில் உறைந்து, டிராக்கைத் தரையோடு ஒட்டிவிடும். காலையில் முழு விசையோடு இழுத்தால் கிழிவது பட்டை, இல்லையேல் கியர். நிறுத்தும் இடத்தில் மரப்பலகைகளைப் பரப்பி, அதன் மேல் ஏற்றி நிறுத்துவோம். ஏற்றுவதற்கு முன் ஸ்பிராக்கெட், சக்கரம், வழிகாட்டி எல்லாவற்றையும் சுற்றி உள்ள பனியை மரச் சுத்தியலால் தட்டி விடுவோம். கடப்பாரை கூடாது. அதன் முனை ரப்பரில் பட்டால் துணி அடுக்கு வரை கீறும், கீறல் வழியாகத் தண்ணீர் போய்த் துணியை உள்ளிருந்தே அழிக்கும். டாங்கி நிறைய டீசலையும் இரவே நிரப்புங்கள், காலி இடத்தில் ஈரம் கட்டாது. காலையில் ஒட்டியிருந்தால் மெதுவாக ஒரு விரல் முன்னே, ஒரு விரல் பின்னே என்று அசைத்து விடுவியுங்கள்.

மைனஸில் போல்ட்டுகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஒரு டிராக்கில் நூற்றுக்கணக்கில் இருக்கும், நடுவில் ரப்பர் இருப்பதால் அவை கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்து தளரும். புது டிராக் போட்டால் முதல் சில நாளுக்குள் எல்லாவற்றுக்கும் டார்க் (இறுக்கும் விசை) சரியாக இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். இறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து சட்டம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை கோடு உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்தாலே போதும், ஸ்பேனரை எடுக்க வேண்டியது கோடு உடைந்ததற்கு மட்டும். ஒரு போல்ட் போனால் பக்கத்துப் போல்ட் அந்தப் பாரத்தைச் சுமக்கும், அதுவும் போனால் சட்டம் ஒரு பக்கம் எழும்பி அடுத்த சுற்றில் அடிச்சட்டத்தை வெட்டும்.

ஒற்றை ஆள் ஓட்டும் ஸ்னோமொபைலும் உங்கள் கைக்கு வரும். அதில் டிராக் ஒரே வார்ப்பு ரப்பர் வளையம், சக்கரங்களோடு பிளாஸ்டிக் சறுக்குப் பட்டை மேல் வழுக்கி ஓடும். அந்தப் பட்டைக்கு மசகு பனிதான். பனியில்லாத ஐஸ் மேலோ, பணிமனைத் தரையிலோ கொஞ்ச தூரம் ஓட்டினாலும் உருகிவிடும். கியருக்குப் பதிலாக வி-பெல்ட்டும் இரண்டு கிளட்ச்சும். ஸ்கூட்டர் பிரித்தவருக்கு அது விளங்கிவிடும்.

இப்போது 'நாமே செய்யலாமா'. முன்னுதாரணம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1958 ஜனவரி 4-ல் எட்மண்ட் ஹிலாரியின் குழு தென்துருவம் போய்ச் சேர்ந்தது ஃபெர்குசன் விவசாய டிராக்டர்களில், டிராக் மாட்டி. அதே சமயம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த விவியன் ஃபுக்ஸ் குழு, பனிக்கென்றே அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் செய்த டக்கர் ஸ்னோ-கேட் வண்டிகளை வைத்திருந்தது. நான்கு மூலையிலும் தனித்தனியாக அசையும் நான்கு டிராக். 99 நாளில் அண்டார்டிகா கண்டத்தையே குறுக்காகக் கடந்தார்கள், சுமார் 3,473 கிலோமீட்டர். டிராக்டர் போய்ச் சேரும், ஆனால் மென்பனியில் திணறும். பாரத்தை இழுத்துக்கொண்டு கண்டத்தைக் கடப்பது வேறு வேலை. இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1911-ல் தென்துருவப் பயணத்துக்காக ராபர்ட் ஸ்காட் கொண்டுபோன மோட்டார் சறுக்குவண்டிகளில் ஒன்று கப்பலிலிருந்து இறக்கும்போதே கடலில் மூழ்கியது. மற்ற இரண்டும் அக்டோபர் 24-ல் கிளம்பி, நவம்பர் 1-க்குள் நின்றுபோயின. டிராக் பரவாயில்லாமல்தான் ஓடியது. காற்றால் குளிர்விக்கும் என்ஜின்தான் சூடேறி, பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய பேரிங் போனது. அன்று என்ஜின் கைவிட்டது, இன்று என்ஜின் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஓட்டும் டிராக்தான் கிடைக்காது.

ஆகவே செய்ய ஆசையிருந்தால் வரிசையைத் திருப்புங்கள். என்ஜினிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் பழைய குரூமர் டிராக்கும் அதற்கு ஜோடியான ஸ்பிராக்கெட்டும் சேர்த்து வாங்குங்கள், இரண்டும் சேர்ந்தே தேய்ந்தவை, பிரித்து வாங்கினால் பல் இடைவெளி ஒத்துவராது. அந்த அகலம் நீளத்திலிருந்து உங்கள் வண்டியின் எடை வரம்பைக் கணக்கிடுங்கள், அந்த வரம்புக்குள் அடங்கும் என்ஜினைத் தேடுங்கள். நான் பார்த்த சொந்தத் தயாரிப்புகளில் பாதிக்கு மேல் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்து, கடைசியில் ஒரு டன் அதிகமாகி நின்றவை. பாரம் முன்னால் விழுந்தால் வண்டி மூக்கைப் பனிக்குள் குத்தும், அதனால் எடை நடுவிலிருந்து சற்றுப் பின்னால் இருக்கட்டும். கவிழ்ந்தால் கூரை நசுங்காத சட்டமும், புகை கேபினுக்குள் வராதபடி உயரமான சைலன்சரும் இல்லாமல் ஆள் ஏற்றாதீர்கள். பனியில் சிக்கி, என்ஜினை ஓடவிட்டுக் கேபினில் காத்திருக்கும்போது, காற்றடித்த பனி சைலன்சர் வாயை மூடினால் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. உங்கள் ஊரில் பதிவு, காப்பீடு என்னவாகும் என்பதற்கு அங்கத்திய அதிகாரிதான் பதில் சொல்ல முடியும்.

வேலைக்குப் போங்கள் என்றே சொல்வேன். போன முதல் வாரம் எதையும் கழற்றாமல், மாலை வண்டிகள் திரும்பியதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் அடியிலும் படுத்துப் பாருங்கள். எங்கே ஐஸ் கட்டுகிறது, எந்தப் பக்கம் அதிகம் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். ஒரே வண்டியில் ஒரே இடத்தில் தினமும் கட்டினால் அங்கே சீலோ, பேரிங்கோ சூடாகிறது என்று அர்த்தம், ஹோஸிலிருந்து எண்ணெய் கசிந்தாலும் பனி அங்கேதான் ஒட்டும். கசிவைக் கையால் தடவிப் பார்க்க வேண்டாம், அட்டையை நீட்டிப் பாருங்கள், அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு போகும்.

கருவி என்ன எடுத்துப் போவது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். ஸ்பேனர், சாக்கெட் எல்லாம் அங்கே இருக்கும். உங்கள் அளவுக்கு இரண்டு ஜோடி மெல்லிய கையுறை, தடித்த கையுறைக்குள் போட்டுக்கொள்ளும்படி. வெறும் கையால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். நெற்றியில் மாட்டும் விளக்கு, அதன் பேட்டரியைச் சட்டைக்குள் வைக்கும் வகை. பெயின்ட் பேனா மஞ்சள் நிறத்தில் நாலைந்து. வெள்ளை மட்டும் வேண்டாம், பனியில் தெரியாது.